பேசாத படத்தில் விறுவிறுப்பு எங்கிருந்து வருகிறது?
மௌனப்பட மர்மக் கதைகளை வகுப்பில் நயப்பது பற்றி

"இக்கதையில் கையாளப்பட்டுள்ள உத்திகளை விளக்குக." இந்தக் கேள்விக்கு நம் மாணவர்கள் எழுதும் விடைகளைத் திருத்திய ஆசிரியர்கள் எல்லாருக்கும் ஒரு வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும்: "இக்கதை விறுவிறுப்பாகவும் அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலைத் தூண்டும் வகையிலும் அமைந்துள்ளது." வாக்கியத்தில் பிழை இல்லை. ஆனால் புள்ளி கொடுக்க அதில் ஒன்றும் இல்லை. எந்த இடத்தில் விறுவிறுப்பு? எதனால் அந்த ஆவல் வந்தது? கேட்டால், "அப்படித்தான் டீச்சர் இருந்துச்சு" என்பார்கள்.

உணர்ந்தது உண்மைதான். உணர்வு எப்படி உண்டானது என்று சொல்லத்தான் வரவில்லை. இதைப் பழக்குவதற்கு நான் வகுப்பில் பயன்படுத்தும் ஒரு வழியை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். நூறு ஆண்டுகளுக்கு முந்திய மௌனப்படங்கள், அதிலும் மர்மமும் ஆபத்தும் துரத்தலும் உள்ள படங்கள்தாம் அந்த வழி. ஆசிரியர்கள் இதைப் பாடமாக நடத்தலாம். தேர்வு எழுதப்போகும் மாணவர்கள் தாங்களாகவே படித்துப் பயிற்சி செய்யலாம்.

ஏன் மௌனப்படம்?

இன்றைய படங்களில் பயப்பட வேண்டிய இடத்தைப் பின்னணி இசை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. வசனமும் பாதிக் கதையைச் சொல்லிவிடும். பார்க்கும் நமக்கு வேலையே இல்லை. சத்தத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? ஒரு சாவி, ஒரு கதவு, ஒரு முகம், எதற்குப் பிறகு எதைக் காட்டினார்கள் என்ற வரிசை. அவ்வளவுதான். ஆகவே விறுவிறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதைக் கையால் தொட்டுக் காட்டிவிடலாம். முதல் முறை போடும்போது "சத்தம் வரல, ஸ்பீக்கர் கெட்டுப் போச்சா?" என்று பின்வரிசையில் கேட்பார்கள். கேட்கட்டும். மூன்றாவது நிமிடத்தில் வகுப்பு தானாக அடங்கிவிடும்.

நம் ஆட்களுக்கு இது அந்நியமான சரக்கும் இல்லை. மௌனப்பட நாள்களில் சென்னை மாகாணத்து ஊர்களில் கூடாரக் கொட்டகைக்குள் படம் ஓடும்போது, திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையைச் சத்தமாக விளக்குவார். எழுத்து அட்டைகளைப் படிக்கத் தெரியாத கூட்டத்துக்கு அவர்தான் குரல். எட்டி போலோ நடித்த அமெரிக்க சாகசத் தொடர்ப்படங்களுக்குக் கூட்டம் அலைமோதியது. அதே காலத்தில் ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்', வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' போன்ற துப்பறியும், மர்ம நாவல்களைத் தமிழர்கள் வாங்கிக் குவித்தார்கள். கோலாலம்பூரில் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில், அன்றைய பத்து ரோட்டில், இருக்கும் கொலிசியம் அரங்கம் 1920களின் தொடக்கத்தில், படங்கள் பேசத் தொடங்குவதற்கு முன்பு கட்டப்பட்டது. நம்மவர்கள் தமிழ்ப்படம் பார்த்த அந்தக் கட்டடம், மௌனப்பட நாள்களில் எழுந்த கட்டடம்.

முதல் பாடம்: 'சஸ்பென்ஸ்' (1913)

தொடங்குவதற்கு ஏற்ற படம் இது. அமெரிக்காவில் லோயிஸ் வெபர் என்ற பெண் இயக்குநர், பிலிப்ஸ் ஸ்மாலி என்பவரோடு சேர்ந்து எடுத்தது. ஏறக்குறைய பத்தே நிமிடம். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒரே பாட வேளையில் இரண்டு முறை போட்டுக் காட்ட முடியும்.

கதை மிகச் சிறியது. ஊருக்கு வெளியே ஒரு தனி வீடு. வேலைக்காரி, "நான் வேலையை விட்டுப் போகிறேன்" என்று சீட்டெழுதி வைத்துவிட்டு, சொல்லாமல் கிளம்புகிறாள். போகும்போது சாவியைக் கால்மிதிக்கு அடியில் வைக்கிறாள். வீட்டில் கைக்குழந்தையோடு தாய் மட்டும். அலைந்து திரியும் ஒருவன் அந்தச் சாவியை எடுத்துவிடுகிறான். தாய் கணவனுக்குத் தொலைபேசியில் சொல்கிறாள். பேச்சு முடிவதற்குள் அவன் கம்பியை அறுக்கிறான். கணவன் தெருவில் நின்ற யாரோ ஒருவருடைய காரை எடுத்துக்கொண்டு பறக்கிறான். கார்ச் சொந்தக்காரரும் போலீசும் அவனைத் திருடன் என்று நினைத்துத் துரத்துகிறார்கள்.

முதல் முறை சும்மா பார்க்கட்டும். இரண்டாவது முறை ஒரே ஒரு கேள்வியோடு பார்க்கச் சொல்லுங்கள்: இந்த நொடியில் யாருக்கு என்ன தெரியும்?

சாவி மிதியடிக்கு அடியில் இருப்பது நமக்குத் தெரியும். தாய்க்குத் தெரியாது. அதனால்தான் அவள் நிம்மதியாகக் குழந்தையைக் கொஞ்சும்போது நமக்கு வயிற்றைப் பிசைகிறது. திரையில் பயங்கரமாக ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்கும் நமக்கும் உள்ள இடைவெளிதான் நம்மைப் பதற வைக்கிறது. கணவன் ஏன் காரை எடுத்தான் என்பது நமக்குத் தெரியும், போலீசுக்குத் தெரியாது. வீட்டுக்குள் ஓர் உண்மையான திருடன், சாலையில் திருடன் என்று தப்பாக நினைக்கப்பட்ட இன்னொருவன். உதவிக்கு ஓடுகிறவனையே தடுக்கப் பார்க்கிறார்கள்!

அடுத்து, இதை எப்படிக் காட்டினார்கள் என்று கேளுங்கள். தொலைபேசிக் காட்சியில் திரை முக்கோணமாகப் பிரிகிறது. ஒரு மூலையில் திருடன், ஒரு மூலையில் மனைவி, நடுவில் கணவன். ஒரே நேரத்தில் மூன்று இடங்கள். அவள் மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்க்கும்போது திருடன் தலையைத் தூக்கி நேராக நம்மையே பார்க்கிறான். அவளுடைய கண் அந்த நொடி நம் கண் ஆகிவிடுகிறது. துரத்தி வரும் போலீஸ் கார், முன்னால் ஓடும் காரின் கண்ணாடியில் தெரிகிறது. 1913இல் செய்தது!

மூன்று வகை இடைவெளி

"யாருக்கு என்ன தெரியும்" என்ற கேள்வியை வைத்து விறுவிறுப்பை மூன்றாகப் பிரிக்கலாம். இதற்கு நம் பக்கத்து மௌனப்படங்களிலிருந்தே எடுத்துக்காட்டுகள் கிடைக்கின்றன. மூன்றுமே அதிகம் பேசப்படாத படங்கள்.

ஒன்று: நமக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது. (பதைப்பு)

தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட முதல் மௌனக் கதைப்படம் 'கீசக வதம்'. 1910களின் இறுதியில் சென்னையில் ஆர். நடராஜ முதலியார் எடுத்தார். மோட்டார் உதிரிப்பாக வியாபாரம் செய்துகொண்டிருந்தவர் அவர். இது புராணப்படம்தானே, மர்மப்படம் எப்படி ஆகும் என்று கேட்கலாம். கதையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாண்டவர்கள் மாறுவேடத்தில் ஓராண்டு ஒளிந்திருக்க வேண்டும். அடையாளம் தெரிந்தால் மறுபடியும் வனவாசம். திரௌபதி அரண்மனைப் பணிப்பெண்ணாக இருக்கிறாள். அரசியின் தம்பி கீசகன் அவளைத் தொந்தரவு செய்கிறான். இரவில் நடனசாலைக்கு வரச்சொல்லி, அவள் இடத்தில் பீமன் இருட்டில் காத்திருக்கிறான். கீசகன் ஆசையோடு உள்ளே நுழைகிறான். இருட்டில் யார் இருக்கிறார் என்பது அவனைத் தவிர எல்லாருக்கும் தெரியும். கொன்றால் மட்டும் போதாது. கொன்றவன் பீமன் என்று வெளியே தெரியவும் கூடாது. மகாபாரதக் கதை தெரிந்த கூட்டத்துக்கு முடிவு முன்பே தெரியும். அப்படியும் பதறுவார்கள். முடிவு தெரியாததால்தான் விறுவிறுப்பு வரும் என்ற நம் மாணவர்களின் நம்பிக்கையை உடைக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

இரண்டு: பாத்திரத்துக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. (மர்மம்)

'மார்த்தாண்ட வர்மா' (1933). நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் தயாரித்து, பி. வி. ராவ் இயக்கிய படம். சி. வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட மலையாள நாவலே இதன் மூலம். திருவிதாங்கூர் அரியணைக்கு உரிய இளவரசர் மார்த்தாண்ட வர்மாவைக் கொன்றுவிட எட்டுவீட்டுப் பிள்ளைமாரும் பழைய அரசரின் மகனும் சதி செய்கிறார்கள். இளவரசர் ஊர் ஊராக ஒளிந்து திரிகிறார். நாவலில் ஓர் இளைஞன், அனந்தபத்மநாபன், பஞ்சவன்காட்டில் வெட்டுப்பட்டுச் செத்துவிட்டான் என்று எல்லாரும் நம்புகிறார்கள். அதன்பிறகு இளவரசருக்கு ஆபத்து வரும்போதெல்லாம் ஒரு பைத்தியக்காரன் எங்கிருந்தோ வந்து காப்பாற்றுகிறான். யார் இவன்? அவனுக்குத் தெரியும். வாசகனுக்குச் சொல்லப்படவில்லை. செத்ததாக நினைத்தவன்தான் வேடத்தில் திரிகிறான் என்பது பின்னால்தான் அவிழ்கிறது. பதைப்பு மிகுந்த இடத்தில் ஆசிரியர் நமக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். மர்மம் மிகுந்த இடத்தில் மறைத்து வைக்கிறார். இந்த வேறுபாட்டைச் சொல்லத் தெரிந்த மாணவன் பாதிக் கிணறு தாண்டிவிட்டான்.

மூன்று: நமக்குத் தெரியும், சம்பந்தப்பட்ட இரண்டு பக்கத்தாருக்கும் தெரியாது. (ஏக்கம்)

'விகதகுமாரன்'. தலைப்பின் பொருள் காணாமற்போன மகன். 1920களின் இறுதியில் திருவனந்தபுரத்தில் இப்படத்தை எடுத்த ஜே. சி. டேனியல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் அகஸ்தீஸ்வரத்துக்காரர். சொந்த நிலத்தை விற்று, தானே எழுதி, இயக்கி, நடித்தார். ஒரு பணக்கார வீட்டுப் பையனைக் கெட்டவன் ஒருவன் இலங்கைக்குக் கடத்திவிடுகிறான். பையன் தோட்டத்தில் கூலியாக வளர்கிறான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு அவனைப் பிடித்துப்போகிறது. நாளடைவில் அவனே தோட்ட மேற்பார்வையாளன் ஆகிறான். இலங்கைக்கு வந்து பொருளைப் பறிகொடுத்த ஒரு தூரத்து உறவினன் அவனுக்கு நண்பனாகிறான். இருவரும் திருவிதாங்கூருக்குத் திரும்புகிறார்கள். அதே கெட்டவன் பையனின் தங்கையைக் கடத்தப் பார்க்க, இருவரும் தடுக்கிறார்கள். கடைசியில் முதுகில் உள்ள தழும்பு அவன் யார் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. பெற்ற மகன் கண்முன் நிற்பது பெற்றோருக்குத் தெரியாது, தன் வீட்டில்தான் நிற்கிறோம் என்பது மகனுக்கும் தெரியாது. நமக்குத் தெரியும். "சொல்லுங்களேன்!" என்று கத்தத் தோன்றும்.

இந்தக் கதையை நம் மாணவர்களுக்குச் சொல்லும்போது கவனித்துப் பாருங்கள். தோட்டம், துரை, கடல் கடந்து போனவன், ஊரில் காத்திருக்கும் தாய் என்று வரும்போது முகங்கள் மாறும். கங்காணி பேச்சை நம்பிக் கப்பலேறிய கொள்ளுத்தாத்தாவின் கதை இல்லாத வீடு நம்மில் குறைவு. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்து கம்போங் மேடான் அடுக்குமாடிகளில் வளரும் பிள்ளைகளுக்கும் அந்த நினைவின் ஒரு நூல் மிச்சம் இருக்கிறது.

படமே இல்லையென்றால் எப்படி நயப்பது?

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன மூன்று படங்களில் இன்று பிரதி இருப்பது ஒன்றே ஒன்றுதான். 'கீசக வதம்' அழிந்துவிட்டது. 'விகதகுமாரன்' அழிந்துவிட்டது. அக்காலத்துப் படச்சுருள் எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் வகை. நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் தானாகவே மக்கிப் போகும். பேசும்படம் 1931இல் வந்ததும், பழைய சுருளை வைத்து என்ன செய்வது என்று அதிலிருக்கும் வெள்ளிக்காக உருக்கினார்கள். தென்னிந்தியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட மௌனப்படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றில் முழுமையாகப் பார்க்கக் கிடைப்பதாக ஆய்வாளர்கள் சொல்வது 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றைத்தான்.

அது பிழைத்த விதமே ஒரு மர்மக் கதை. நாவலின் உரிமையை வைத்திருந்த கமலாலயா புத்தக நிலையம், அனுமதியில்லாமல் எடுத்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்டது. திருவனந்தபுரத்தில் வெளியான படம் நிறுத்தப்பட்டது. தயாரிப்பாளருக்குப் பெரும் நட்டம். சுருள்கள் புத்தகக்காரர்கள் வசம் போய் உறங்கின. 1974இல் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அங்கிருந்துதான் அவற்றைப் பெற்றது. ஓடிய படங்கள் அழிந்தன. ஓட விடாமல் நிறுத்தப்பட்ட படம் மிஞ்சியது.

ஆகவே, இத்தகைய படங்களைப் பற்றி எழுதும்போது மாணவர்கள் மூன்று வகை வாக்கியங்களைப் பிரித்துப் பழக வேண்டும்.

பார்த்தது: "திருடன் தலையைத் தூக்கி நேராகப் பார்க்கிறான்." இதைப் படம் பார்த்தவன்தான் எழுதலாம்.

படித்தது: "முதுகுத் தழும்பால் மகன் அடையாளம் காணப்படுகிறான் என்று கதைச்சுருக்கம் கூறுகிறது." படம் இல்லை, கதைச்சுருக்கம் இருக்கிறது. கதைப்பின்னலைப் பற்றி மட்டும் பேசலாம்.

ஊகித்தது: "தழும்பை அருகிலிருந்து காட்டியிருக்கக்கூடும்." 'கூடும்' என்ற சொல் கட்டாயம். "இயக்குநர் தழும்பை அருகிலிருந்து அற்புதமாகக் காட்டியுள்ளார்" என்று எழுதினால் அது பொய்.

இது திரைப்படத்துக்கு மட்டும் உள்ள விதி இல்லை. நாவலை முழுதாகப் படிக்காமல் குறிப்பேட்டை மட்டும் படித்துவிட்டு, "ஆசிரியரின் மொழிநடை உள்ளத்தை உருக்குகிறது" என்று எழுதும் பழக்கத்துக்கும் இதே மருந்துதான். எடுத்துக்காட்டு இல்லாத பாராட்டைத் திருத்துகிறவர் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

கதைச்சுருக்கம் சொல்லாத ஒன்று

படித்ததை வைத்து எழுதும்போது, கதைச்சுருக்கம் எதை விட்டுவிடுகிறது என்றும் கேட்க வேண்டும். 'விகதகுமாரன்' சுருக்கம் குடும்பம் ஒன்றுசேர்வதோடு இனிதாக முடிகிறது. படம் திரையிடப்பட்ட கதை அப்படி முடியவில்லை. கதாநாயகியாக நடித்தவர் பி. கே. ரோசி. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். படத்தில் உயர்சாதி நாயர் பெண்ணாக நடித்தார். அதைப் பொறுக்காத கூட்டம் திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் திரையின்மேல் கல்லெறிந்தது. ரோசி ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டுப் பக்கம் போய், வேறு பெயரில், நடிகை என்ற அடையாளமே இல்லாமல் வாழ்ந்தார். டேனியல் கடனாளியாகி, சினிமாவை விட்டு, பல் வைத்தியம் பார்த்துப் பிழைத்து 1975இல் காலமானார். இன்று கேரள அரசின் உயரிய திரைப்பட விருது அவர் பெயரில்தான் வழங்கப்படுகிறது.

தொலைந்த மகனைத் தழும்பு காட்டிக்கொடுத்தது திரையில் நடந்தது. அந்தத் திரையில் நடித்த பெண்ணை அடையாளம் கண்டு பேசுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. சமுதாயப் பின்னணியைப் பற்றிக் கேள்வி வரும்போது, படைப்புக்குள் இருக்கும் சமுதாயத்தோடு அதை வரவேற்ற அல்லது விரட்டிய சமுதாயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைச் சொல்லிக் கொடுக்கலாம்.

விடையாக எழுதுவது எப்படி?

"பதைப்பை உண்டாக்கக் கையாளப்பட்ட ஓர் உத்தியை விளக்குக" என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

வலுவில்லாத விடை: "'சஸ்பென்ஸ்' படம் மிகவும் விறுவிறுப்பாக உள்ளது. திருடன் வரும்போது நமக்குப் பயமாக இருக்கிறது. இயக்குநர் சிறப்பாக எடுத்துள்ளார்."

வலுவான விடை: "பாத்திரம் அறியாததைப் பார்வையாளருக்கு முன்கூட்டியே அறிவிக்கும் உத்தி கையாளப்பட்டுள்ளது. வேலைக்காரி சாவியைக் கால்மிதிக்கு அடியில் வைப்பதைப் படம் தொடக்கத்திலேயே காட்டுகிறது. தாய் இதை அறியாமல் குழந்தையோடு இருக்கிறாள். இதனால், திருடன் வாசலை நெருங்கும் முன்பே பார்வையாளர் பதைக்கத் தொடங்குகின்றனர்."

இரண்டாவதில் நான்கு வாக்கியம்தான். உத்தியின் பெயர், சான்று, பாத்திரத்தின் நிலை, விளைவு. இந்த வரிசையைப் பழகிவிட்டால் நாவலுக்கும் நாடகத்துக்கும் சிறுகதைக்கும் இதே அச்சுத்தான்.

வகுப்பில் செய்து பார்க்க

1. குழுவுக்கு ஒரு தாள். இடப்பக்கம் பாத்திரங்களின் பெயர், மேலே காட்சி எண். ஒவ்வொரு காட்சியிலும் யாருக்கு எது தெரியும் என்று குறிக்க வேண்டும். கடைசி வரிசை 'நாம்'. நமக்கும் பாத்திரத்துக்கும் இடைவெளி மிக அதிகமாக உள்ள காட்சியை வட்டமிடச் சொல்லுங்கள்.

2. படத்தைச் சத்தமில்லாமல் ஓட்டி, ஒரு மாணவர் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லட்டும். அந்தக் காலக் கொட்டகை விளக்குநரைப் போல. வாய்மொழிப் பயிற்சிக்கு அருமையான நடவடிக்கை. கூச்சப்படும் பிள்ளைகளும் இருட்டில் பேசிவிடுவார்கள்.

3. பாடநூலில் உள்ள கதையில் ஒரு பரபரப்பான பகுதியை எடுத்து, வசனமே இல்லாமல் ஐந்து காட்சிகளாகப் பிரிக்கச் சொல்லுங்கள். எழுத்து அட்டை இரண்டுக்கு மேல் கூடாது. எந்த இரண்டு வாக்கியங்களை வைத்துக்கொள்வது என்று அவர்கள் அடித்துக்கொள்ளும்போதுதான் உண்மையான திறனாய்வு நடக்கிறது.

4. தனியாகப் படிக்கும் மாணவர்கள், தாங்கள் எழுதிய பழைய விடை ஒன்றை எடுத்து ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பக்கத்திலும் பா, ப, ஊ என்று எழுதிப் பாருங்கள். பார்த்தது, படித்தது, ஊகித்தது. நாவலென்றால் நேரே மூலத்தில் கண்டதுதான் 'பா'. குறிப்பேட்டிலிருந்து வந்தது 'ப'. மூன்றிலும் சேராத வாக்கியம் இருந்தால் அதை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு சான்றை எழுதுங்கள்.